சந்தைக்குப் போனதாகச் சொன்ன விபத்து

முதலில் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் சிறு விளக்கு. பால் எடுக்கக் கதவைத் திறந்தேன். அந்த வெளிச்சம் இடது கண்ணுக்குப் பின்னால் ஊசிபோல இறங்கியது. கதவைச் சாத்திவிட்டு, எதற்காகத் திறந்தேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. விபத்து நடந்து ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

விபத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் மாகாணத்தில், லவால் என்ற ஊரில் ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தேன். பின்னால் வந்த கார் நிற்கவில்லை. அதை ஓட்டிவந்தவர் இறங்கி வந்து, பிழை தன்னுடையது என்று மூன்று தடவை சொன்னார். இருவரும் விபத்துப் படிவத்தில் கையெழுத்திட்டோம். இரத்தம் இல்லை. என் காரின் பின்பக்கம் மட்டும் உள்ளே போயிருந்தது.

நான் வீட்டுப் பராமரிப்பு உதவியாளர். முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது என் வேலை. நாளுக்கு ஐந்து வீடுகள், சொந்தக் காரில். அன்று இரண்டாவது வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதாவது, வேலையில் இருந்தேன்.

மாலையில் கார்க் காப்புறுதி நிறுவனத்தை அழைத்தேன். நம்மில் பிழை இல்லாவிட்டாலும் விபத்தை அறிவிக்க வேண்டும். ஒரு பெண் பிரெஞ்சில் அமைதியாகக் கேட்டார்: "எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்?"

"சந்தைக்கு," என்றேன். "ஜான்-டலோன் சந்தைக்கு."

யாரும் சொல்லித் தரவில்லை. வாய் தானாகச் சொன்னது. யாழ்ப்பாணத்து இராணுவச் சோதனைச் சாவடிகளில் இந்தக் கேள்விக்கு நாங்கள் எல்லோரும் வைத்திருந்த பதில் அது. எங்கே போனாலும் சந்தைக்கு. அதற்குப் பிறகு இரண்டாவது கேள்வி வருவது குறைவு. ஆனால் அங்கே ஒரு பத்திரிகையில் நான்கு வருடம் விபத்துச் செய்திகளும் எழுதியிருக்கிறேன். எங்கிருந்து எங்கே போகையில் என்ற வரி பிழைத்தால், செய்தி ஆசிரியர் தாளைத் திருப்பி எறிவார். அந்த வரியைத்தான் நான் பிழையாகக் கொடுத்திருந்தேன்.

என் கணவர் சிவம் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் நின்றார். "நல்லாச் சொன்னீர். காரை வேலைக்குப் பாவிக்கிறதெண்டு நாங்கள் காப்புறுதிக்காரருக்குச் சொல்லவேயில்லை. இனிக் கிளறாதையும்."

"லவாலிலை இருந்து அவ்வளவு தூரத்திலை இருக்கிற சந்தைக்கோ? வேலை உடுப்போடையோ?"

"ஏன், அந்த உடுப்போடை போனால் கத்தரிக்காய் தரமாட்டினமோ?"

சிரித்தேன். சிரித்தபோது கழுத்தின் வலது பக்கம் இறுகியது.

மூன்றாம் நாள் மருத்துவரிடம் போனேன். மூளையதிர்ச்சி (மண்டைக்குள் மூளை குலுங்கி, அதன் வேலை சில காலம் தடுமாறுவது), கழுத்துத் தசைநார்க் காயம் (தலை முன்னும் பின்னும் வீசப்பட்டதில் கழுத்து இழைகள் அளவுக்கு மீறி இழுபடுவது) என்றார். படமெடுத்தால் ஒன்றும் தெரியாதாம். "வேலையில் நடந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். முதல் பதில் சந்தை என்றால், இரண்டாவது பதில் வேறாக இருக்க முடியாது.

வேலை விபத்து என்று எழுதப்பட்டிருந்தால் குணமாகும்வரை ஓய்வும், இயன்மருத்துவமும் (பயிற்சியாலும் கைப்பிடியாலும் உடலை மீட்பது) கிடைத்திருக்கும். எழுதப்படவில்லை; வேறெங்கும் கேட்டால் அதே கேள்வி வரும் என்று பயந்து, வேலை தரும் நிறுவனத்திடம் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். என்னிடம் இருந்தது ஒரு வாரச் சுகயீன விடுப்பு மட்டுமே. ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனேன்.

முதல் வீடு மதாம் ரோஸ் என்ற மூதாட்டியுடையது. எண்பத்தெட்டு வயது, இடது கால் பலமில்லை. வழக்கம்போல அவரது இடுப்பை அணைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்கினேன். மூன்றில் அறை சரிந்தது. என் ஒரு கை அவரை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தது. அவர் கட்டிலின் விளிம்பிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். இன்னும் அரை அடி தள்ளியிருந்தால் தரை.

"இன்றைக்கு நான் உன்னைத் தூக்கவா, மகளே?" என்று பிரெஞ்சில் கேட்டுச் சிரித்தார். அவருடைய கை என் முழங்கையை விடவில்லை. நிறுவனத்துக்கு அழைத்து வேறொருவரை அனுப்பச் சொன்னேன். அவர் வரும்வரை தரையில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் திருத்தப்போகிறேன் என்றேன்.

"இப்ப மாத்திச் சொன்னால் பொய்க்காரியெண்டு எழுதிப்போடுவினம்," என்றார் சிவம். "பேந்து காப்புறுதியும் இல்லை, வேலையும் இல்லை."

"நான் இண்டைக்கு மதாம் ரோஸைக் கீழை விழுத்தியிருப்பன்."

பதினாறு வயது மகள் அபி பாடப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "அப்பா, அங்கை ஒருத்தரும் துவக்கோடை நிக்கேல்லை. அது வெறும் ஃபோன்."

சிவம் எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "ஸ்பீக்கரிலை போடும். நானும் கேக்கிறன்."

பத்திரிகையில் திருத்தம் போடுவதுபோலவே காப்புறுதி நிறுவனத்திடம் சொன்னேன்: சந்தைக்கு அல்ல, இரண்டாவது வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்கு. மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம். ஏன் மாற்றுகிறேன் என்று கேட்டார்கள். "பயத்தில் அப்படிச் சொன்னேன்," என்றேன். என் ஆவணக் கோவையை மீண்டும் பார்ப்பார்களாம்; வேலைக்குக் காரைப் பாவிப்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டுமாம். பதினொரு நாள் காத்திருந்தோம். அந்த நாட்களில் சிவம் கத்தரிக்காயைப் பற்றிப் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், கோரிக்கையை ஏற்றுக் கடிதம் வந்தது.

வேலை தரும் நிறுவனத்துக்கும் அறிவித்தேன். மருத்துவரிடமும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வேறொரு படிவத்தை எடுத்தார். "இந்த மாகாணத்தில் உடல் காயத்துக்கான நட்டஈட்டில் பிழை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை," என்றார். "நானும் அதைக் கேட்கவில்லையே. வேலையில் நடந்ததா என்றுதான் கேட்டேன்."

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறியது. காரைப் பற்றிய அறிவிப்பு காப்புறுதிக்காரருக்கு. உடலைப் பற்றிய அறிவிப்பு மருத்துவருக்கும் வேலை தருபவருக்கும். இரண்டிலும் ஒரே இடத்தைச் சொல்லுங்கள், நீங்கள் உண்மையில் நின்ற இடத்தை. எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்ற கேள்வி உங்கள் காதில் வேறொரு கேள்வியாக விழலாம். எனக்கு விழுந்தது. அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டாம் முறை அழையுங்கள்.

குணமாக நான்கு மாதம் ஆனது. முதல் மாதம் ஒரு பக்கம் வாசித்தால் ஒரு மணிநேரம் இருட்டில் படுக்க வேண்டும். வெங்காயம் வதங்கும் மணம்கூடத் தலைக்குள் சத்தமாகக் கேட்டது. இயன்மருத்துவர் என் தலையைத் தன் உள்ளங்கைகளில் ஏந்தி, மெல்லத் திருப்புவார். வேலைக்காகப் பிறர் உடலின் பாரத்தை இத்தனை வருடம் தாங்கியவளுக்கு, தன் தலைக்கும் ஒரு பாரம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது நாளுக்கு மூன்று வீடுகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம் காரை ஓரமாக நிறுத்திக் கண்ணை மூட வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்ததால் அது என் வேலை அட்டவணையிலும் இருக்கிறது. முன்பு வீடுகளுக்கு இடையிலான நேரம் எனக்கு நேரமாகவே தெரிந்ததில்லை. இப்போது அதற்குள் என் மூச்சு கேட்கிறது. கழுத்து ஒரு பக்கமாகத் தளர்வது தெரிகிறது.

போன கிழமை அப்படி நின்றபோது சிவம் அழைத்தார்.

"எங்கை நிக்கிறீர்?"

கார் ஓடவில்லை. என் கண் மூடியிருந்தது. கைகள் மடியில் கிடந்தன.

"வேலையிலை நிக்கிறன்," என்றேன்.