கொள்ளிடக்கரை ரட்சகர்

என் அக்காள் வீட்டுக்காரர் வீரமலையின் படம் கடல் தாண்டி ஒரு தேசத்தில் பத்திரிகையில் வந்தது. உள்ளூரில் ரேஷன் கார்டில்கூட அவர் பெயரை ஒழுங்காக எழுதினவன் கிடையாது. 'வீரமணி' என்றுதான் கடைசிவரை இருந்தது. அப்படிப்பட்டவரை, ஐம்பது ஆத்துமாக்களை ஆற்றில் முழுக்கி எடுத்து ரட்சித்த பெரிய தேவ ஊழியர் என்று அந்த ஊர் ஜனங்கள் படித்துவிட்டுக் கண்ணீர் விட்டார்களாம். சமயபுரத்தாளுக்கு வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிற மனுஷர் அவர். எங்கே போய் முட்டிக்கொள்வது, சொல்லுங்கள்.

நான் சுடலைமுத்து. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் கொள்ளிடத்து வடகரையில் மச்சான் பரிசல் ஓட்டினார். அதே துறையில் நான் டீக்கடை போட்டிருந்தேன். பாலம்தான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எங்கள் துறையிலிருந்து நடந்து பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் ஸ்ரீரங்கத்தில் நடை சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். ஆகையால் வெங்காயக்காரியிலிருந்து கோயில் ஆள் வரைக்கும் எல்லாரும் மச்சானிடம் வந்தாக வேண்டும். அது அவருக்கும் தெரியும். ஆற்றுக்கே தான்தான் மிராசுதார் என்கிற மாதிரி துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு நிற்பார். என் அக்காள் சந்திரம்மாளிடம் மட்டும் அந்த ஜம்பம் எடுபடாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில் கொள்ளிடம் கரை புரண்டது. திட்டில் இருந்த குடிசைகளையும் தாழ்ந்த தெருக்களையும் தண்ணீர் எடுத்துக்கொண்டது. விடியற்காலையில் பரிசலோடு இறங்கிய மச்சான் இருட்டும் வரை ஓயவில்லை. கூரைமேல் உட்கார்ந்திருந்தவர், மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர், மிதந்து போனவர் என்று கைக்கு அகப்பட்டவர்களையெல்லாம் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். கடைசி நடையில் பரிசல் ஒரு புளியமரத்தில் மோதிக் கிழிந்தது. காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் விற்கிற அமிர்தத்தின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு நீந்தியே கரை சேர்ந்தார். பரிசல் போனது போனதுதான்.

பிழைத்தவர்கள் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பரிசல் இல்லாத பரிசல்காரர் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஆடியில் புதுத்தண்ணீர் வருவதற்குள் வேறு பரிசல் இறக்கவில்லை என்றால் துறை கைவிட்டுப் போய்விடும். மேலத் துறைக்காரன் மதுரைவீரன் என் கடையிலேயே டீ குடித்துக்கொண்டு, "வீரமலை அண்ணனுக்கு முடியலேன்னா நான் பாத்துக்கறேங்க. ஜனங்க கஷ்டப்படக் கூடாது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ஜனங்கள்மேல் அவனுக்கு அப்படி ஓர் அக்கறை.

தண்ணீர் வடிந்ததும் நிவாரணம் வந்தது. வெளிநாட்டு மிஷன் ஒன்று என் கடைக்குப் பின்னால் கொட்டகை போட்டது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, அந்த ஊரில் யாரோ உடுத்திக் கழித்த துணிமணி. மாவும் பவுடரும் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பின. அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் முழங்கால் சேற்றில் நிற்கிற ஊருக்குக் குதிகால் உயர்ந்த செருப்பை அனுப்பினவர் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரிய வேண்டும். மச்சானுக்கு ஒரு கம்பளிக் கோட்டு கிடைத்தது. ஒரு பொழுது போட்டுப் பார்த்து வேர்த்துக் கொட்டியபின் அதை எருமைக்குப் போர்த்தினார். அக்காள் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு உலைப்பானையை இறக்கினாள்.

கொட்டகைக்குத் தொண்டு செய்ய வந்தவர் மிஸ் பேட்ரிசியா. சின்ன வயசு. வெயில் பட்டால் மிளகாய்ப்பழமாகச் சிவந்துபோகும் முகம். சம்பளம் இல்லாமல் ஒரு வருஷம் ஊழியம் செய்கிறேன் என்று தானாகப் பெயர் கொடுத்துக் கப்பலேறி வந்தவர். கோடைக்கானலில் உட்கார்ந்து வேதப் புத்தகத்தை வைத்தே தமிழ் படித்தாராம், ஆகவே வாயைத் திறந்தால் வேதத் தமிழ்தான். முதல் நாள் என் கடைக்கு வந்து, "ஐயா, நீர் எனக்குத் தேநீர் அருளுவீரோ?" என்றார். என் ஆயுசில் யாரும் என்னிடம் அப்படி டீ கேட்டதில்லை. பொறையும் சேர்த்துக் கொடுத்தேன். அவருக்குத் துணை உபதேசியார் நல்லதம்பி. ஊர் ஊராகப் போய் வேதம் சொல்வது அவர் வேலை. மேலே இருப்பவர்கள் காதுக்கு எது இதமோ அதைச் சொல்வது அவர் திறமை.

பெஞ்சில் கிடந்த மச்சானைக் காட்டி நான்தான் ஆரம்பித்து வைத்தேன். "வெள்ளத்துல அத்தன பேரையும் காப்பாத்துனது இவருதாம்மா."

மிஸ் அவர் பக்கம் திரும்பினார். "நீர் எத்தனை ஆத்துமாக்களை இரட்சித்தீர்?"

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எண்ணிக்கிட்டா இருந்தேன்? ஒரு அம்பது இருக்கும்மா."

"அவர்கள் ஸ்நானம் பெற்றார்களோ?"

"ஸ்நானமா?" மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முழு ஸ்நானம். தலை முங்காம ஒருத்தரும் மேல வரல."

"நீரே அவர்களை முழுக்கினீரோ?"

"முழுக்குனது ஆறு. தூக்குனது நான்."

மிஸ்ஸின் கண் கலங்கிவிட்டது. "உமக்கு இப்போது என்ன தேவை?"

"பரிசல் போச்சும்மா. அது மட்டும் இருந்தா இன்னும் எத்தனையோ பேரைக் கரை சேப்பேன்."

நானும் மச்சானும் வெள்ளத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் பாஷையில் ரட்சிப்பு என்றால் பாவத்திலிருந்து மீட்பது. ஸ்நானம் என்றால் ஞானஸ்நானம், தண்ணீரில் முழுக்கிச் சபையில் சேர்க்கிற சடங்கு. கரை சேர்ப்பதும் அந்தக் கணக்குத்தான். இது மிஸ்ஸுக்குப் புரியாதது சரி, நல்லதம்பிக்குமா புரியாது? நன்றாகப் புரிந்தது. தன் வட்டாரத்தில் ஒரே நாளில் ஐம்பது பேர் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? வாயை மூடிக்கொண்டு, மச்சானை ஆற்றைப் பார்த்து நிற்கச் சொல்லிப் படம் பிடித்தார். மிஸ் எழுதின கடிதத்தோடு அந்தப் படம்தான் கடல் தாண்டிப் போனது.

தை பிறந்து சில நாளில் பதில் வந்தது. ஊழியருக்குப் பரிசல் வாங்கித் தருகிறோம், அதற்குமுன் சபைப் பெரியவர்கள் இருவர் நேரில் வந்து ரட்சிக்கப்பட்டவர்களின் சாட்சியைக் கேட்பார்கள் என்று. மச்சானுக்கு முதல் பாதிதான் காதில் ஏறியது. பரிசல் வரப் போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொட்டகையில் மாவு மூட்டை சுமந்து கொண்டிருந்தவர், அதற்கும் பாதி நாள் போகவில்லை.

மாசியில் பெரியவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். நல்லதம்பி முந்தின வாரமே பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்து, வந்து நின்றால் வீரமலைக்குப் பரிசல், நிற்கிறவருக்குப் பால் பவுடர் டின் என்று சொல்லி வைத்திருந்தார். வந்த கூட்டத்தில் எத்தனை பேர் பரிசலுக்காக வந்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கொட்டகையில் பெரியவர் கேட்பார், நல்லதம்பி தமிழில் சொல்வார், பதிலை இங்கிலீஷில் திருப்பிக் கொடுப்பார். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உன்னை ரட்சித்தது யார்?

முதலில் மடப்பள்ளி ரங்கசாமி ஐயங்கார். "ரங்கநாதன் ரட்சிச்சார், வேற யாரு? இந்த வீரமலை ஒரு நிமித்தம், அவ்வளவுதான்."

அடுத்து தோல் மண்டி ஜெகபர் அலி. "அல்லாஹ் காப்பாத்துனான். வீரமலை அண்ணன் கை கொடுத்தாரு."

எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் இரண்டு பேருக்கும் நல்லதம்பி வாயிலிருந்து ஒரே மொழிபெயர்ப்பு வருவது காதில் விழாமலா இருக்கும்? பெரியவர்கள் இரண்டு தடவையும் கண்ணை மூடி ஆமென் சொன்னார்கள்.

மூன்றாவதாக அமிர்தம். "இந்தா நிக்கிறாரே, இந்த ஆளுதான். மயிரப் புடிச்சு இழுத்த இழுப்புல இன்னும் தலை வலிக்குது."

அவருக்கும் மேலே யார் என்று பெரியவர் கேட்டார்.

"மேல யாரையும் பாக்கலீங்க. மழைதான் பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

மேலேயிருந்து ஆசீர்வாத மழை பொழிந்ததாக இந்தச் சகோதரி சாட்சி சொல்கிறாள் என்று நல்லதம்பி அதை இங்கிலீஷில் எடுத்து விட்டாராம். பிறகு மிஸ்தான் எனக்கு இதைச் சொன்னார். பெரியவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து வந்து மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கி, அன்றைக்கே பரிசலுக்கு ஏற்பாடு என்றார்கள். மச்சான் முகத்தில் வெள்ளத்துக்குப் பிறகு அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மிஸ் எழுந்து நின்றார். முகம் ஜிவுஜிவு என்று இருந்தது. வேதத் தமிழானாலும் தமிழ் தமிழ்தானே, மூன்று பேர் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. தன் தப்பு எது என்பதும் சேர்ந்தே புரிந்துவிட்டது. பெரியவர்களிடம் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். மச்சானையும் ஆற்றையும் தன்னையும் மாறி மாறிக் காட்டினார். நல்லதம்பி குறுக்கே பேசப் பார்த்தார், எடுபடவில்லை. பெரியவர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார்கள். பரிசலும் அந்தக் காரிலேயே போய்விட்டது.

கூட்டம் டின் எங்கே என்று கேட்டது. டின் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, "பாவம் வீரமலை" என்று சொல்லிவிட்டுக் கலைந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அடுப்பில் இருந்த வெந்நீரை அள்ளி வீசியிருப்பேன்.

மிஸ் மச்சானிடம் வந்து, "என்னை மன்னியும். நான் உண்மையைச் சொல்லாமல் இருக்கக்கூடாமற்போயிற்று" என்றார்.

மச்சான் சத்தம் போடவில்லை. "சொன்னீங்க, சரி. உங்க உண்மை மேல ஏறி உக்காந்து நான் ஆத்தைத் தாண்ட முடியுமாம்மா?"

நான் கூடத் திட்டியிருப்பேன், இப்படிக் கேட்டிருக்க மாட்டேன். அந்தப் பெண் கொட்டகைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலையில் வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு மிஸ் சைக்கிளில் கிளம்பினார். நேரே தோல் மண்டி. ஜெகபர் அலி முன்னால் போய் நின்று, "உம்மை இரட்சித்தவருக்கு நீர் செய்தது என்ன?" என்றார். மதம் மாற்ற வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று ஜெகபர் அலி முதலில் பதறிப்போய், "அம்மா, நாங்க அஞ்சு வேளை தொழுவுற ஆளுங்க" என்றாராம். மிஸ் தலையை ஆட்டி, "நான் வீரமலையைக் குறித்துக் கேட்கிறேன்" என்றார். ஜெகபர் அலி உள்ளே போய், பரிசலுக்குப் போர்த்துகிற மாதிரி தேர்ந்த தோலாகப் பார்த்து எடுத்து வண்டியில் ஏற்றினார்.

அடுத்து ஸ்ரீரங்கம். ரங்கசாமி ஐயங்கார், "தோல் சமாசாரத்துல அடியேன் தலையிட மாட்டேன்" என்று முதலிலேயே கையை உயர்த்திவிட்டார். "இரட்சித்தவரை மறந்தீரோ?" என்று மிஸ் வாசலிலேயே நின்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. பெருமாளை மறந்தாரா என்று கேட்கிறாள் என்று பக்கத்து வீட்டு மாமி வேறு கதையைக் கட்டிவிட்டாள். ஐயங்கார் மானம் போகிறதே என்று, பெண்ணின் கல்யாணப் பந்தலுக்குப் போட்டிருந்த மூங்கிலை அவிழ்த்துக் கொடுத்தார். கொடுத்தபின் அவருக்கே மனசு நிறைந்துவிட்டது போலிருக்கிறது. பிளந்து கட்டுவதைப் பார்க்கத் துறைக்கே வந்து குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

காந்தி மார்க்கெட்டில் அமிர்தம் வேறு மாதிரி. மிஸ் வாயைத் திறந்ததுமே, "எனக்குத் தெரியும்மா, நீங்க நீட்டி முழக்க வேணாம்" என்றாள். அவள் தம்பி ரோடு போடுகிற வேலையில் இருந்தான். அன்று சாயந்திரமே தார் வந்தது. எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. உண்மையே பேசுகிற மிஸ்ஸும், பார்த்தேன், கேட்கவில்லை.

மச்சான் தானே மூங்கிலைப் பிளந்து பின்னினார். அக்காள் அருகில் உட்கார்ந்து, பின்னல் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சித்திரை வெயிலில் பரிசல் காய்ந்தது. மதுரைவீரன் ஒருநாள் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனான்.

மேலிடம் மிஸ்ஸைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஊழியத்துக்கு வந்த பெண் தோல் மண்டியிலும் வெங்காய மண்டியிலும் நின்று சபையில் சேராத ஒரு புறஜாதிக்காரனுக்காக யாசகம் கேட்டது சபைக்கு அடுக்கவில்லையாம். நல்லதம்பி எழுதிப் போட்டிருப்பார், வேறு யார்? அவருக்கு அடுத்த வருஷம் பெரிய வட்டாரமாகக் கொடுத்தார்கள்.

ஆடியில் தண்ணீர் வந்தது. ஜங்ஷனுக்குப் போய் மிஸ் ரயில் பிடிக்க வேண்டும். கார் வேண்டாம், பரிசலில் அக்கரை போய்ப் போகிறேன் என்றார். புதுப் பரிசலில் முதல் சவாரி அவருடையதுதான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். நடு ஆறு வரைக்கும் நன்றாகத்தான் வந்தார். அங்கே வந்ததும் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"இத்தனை மாதங்களாய் உங்கள் நடுவில் இருந்தேன். நான் ஒருவரையும் இரட்சிக்கவில்லை."

நான் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தரையுமா இல்ல?" என்றார் மச்சான். "அப்ப நான் யாரும்மா?"

ஆற்றைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். துடுப்புப் போடுவதை நிறுத்தவில்லை.