வராதவளின் கையெழுத்து

எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் எல்லோரும் வருடத்தில் ஒருமுறை பாதுகாப்பு வகுப்புக்கு வரவேண்டும். நேர்ஸ்மார், இரத்தம் எடுப்பவர்கள், கூட்டித் துடைக்கும் பெண்கள், ஒருவரும் தப்ப முடியாது. வகுப்பை எடுத்து வந்தவள் நான். பாவித்த ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள், அப்படியே மஞ்சள் பெட்டிக்குள் போடுங்கள். குத்திவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி, உடனே வந்து சொல்லுங்கள். மூன்று மணித்தியாலம் நான் சொல்வதன் சாரம் இவ்வளவுதான். முடிவில் பதிவேட்டில் கையெழுத்து வைப்பார்கள். கையெழுத்து இல்லாதவர் ஊசியைத் தொடக்கூடாது என்பது விதி.

இந்த வருட வகுப்பன்று என் மகள் உடுவிலில் ஒரு கலியாண வீட்டில் நின்றாள். கூடப் படித்தவளின் கலியாணம். இரத்தம் எடுக்கும் பிரிவில் மகள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"வீட்டிலை ஒவ்வொரு நாளும் உங்கடை கிளாஸ்தானே அம்மா, சோத்தோடை சேத்து" என்று சொல்லிவிட்டுச் சீலையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்னதில் பிழையில்லை என்றும் பட்டது. வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்தபின் அவளுடைய பெயருக்கு நேரே நானே கையெழுத்து வைத்தேன். அவள் எழுதுவது போலவே, கடைசி எழுத்தின் வாலைக் கொஞ்சம் நீட்டி. இரவு அவளுக்கும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோப்பாயில் எங்கள் வீட்டில் கணவரும் மகளும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் இடது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தாள். சொதிச் சட்டியை அவள் பக்கம் தள்ளினேன். அதைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அப்போதுதான் சுட்டுவிரலில் பிளாஸ்டரைக் கண்டேன்.

"என்ன அது?"

"வெங்காயம் வெட்டேக்கை பட்டது."

"இந்தக் கிழமை நீ வெங்காயம் உரிச்சதை நான் காணேல்லையே. கழட்டு, பாப்பம்."

அவள் கழற்றவில்லை. அவளுடைய கண்கள் தகப்பனிடம் போய்த் திரும்பின. எனக்கு விளங்கிவிட்டது.

"பாவிச்ச ஊசியோ?"

"ஓம்."

"எப்ப?"

"நேற்று. பத்து மணி இருக்கும்."

சுவர் மணிக்கூடு ஒன்றரை காட்டியது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையைச் சில மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது, மூன்று நாள் தாண்டினால் பயனில்லை. இதை வகுப்பில் விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று நேற்றுப் பத்து மணியிலிருந்து இன்று ஒன்றரை வரை எத்தனை மணித்தியாலம் என்று என்னால் கணக்குப் பார்க்க முடியவில்லை. இரண்டு தரம் எண்ணி இரண்டு தரமும் பிழைத்தது.

"குத்தினவுடனை என்ன செய்தனீ?"

"அமத்தி ரத்தத்தை வெளியிலை எடுத்தன். பேந்து ஸ்பிரிட் போட்டுத் துடைச்சன்."

இரண்டும் செய்யக்கூடாதவை. அழுத்தினால் தசை நொந்துவிடும், ஸ்பிரிட் காயத்தை எரித்துவிடும். இதையும் வகுப்பில்தான் சொல்வேன். இடது விரலில் குத்தியதென்றால் மூடி போடும்போதுதான் குத்தியிருக்கும்.

"ஊசிக்கு ஆர் உன்னை மூடி போடச் சொன்னது?"

"நீங்கள் அப்பாவுக்கு இன்சுலின் போட்டிட்டு மூடி போடுறனீங்கள்தானே" என்றாள். என்னைக் குத்திக்காட்டும் எண்ணத்தோடு சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

நான்கு வருடமாகக் காலையும் மாலையும் அவருக்கு ஊசி போடுகிறேன். வீட்டில் மஞ்சள் பெட்டி ஏது? ஒரே ஊசியை இரண்டு மூன்று தரம் பாவித்து, இடது கையால் மூடியைப் பிடித்துச் சொருகி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்துவிடுவேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். எத்தனையோ நாள் மூடியை எடுத்துத் தந்ததும் அவள்தான்.

அவருக்கும் அது பட்டிருக்கவேண்டும். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, "உதைப் பேந்து கதைக்கலாம். முதல் வெளிக்கிடுங்கோ ரண்டு பேரும்" என்றார்.

ஸ்கூட்டரில் போனோம். நான் ஓட்ட அவள் பின்னால் இருந்தாள். இருபாலைச் சந்தியில் பஸ் ஒன்றுக்கு வழிவிட்டு நின்றபோது என் தோளுக்குப் பின்னாலிருந்து கதைத்தாள்.

"அம்மா, ஊசி குத்தினா நிரப்பிற படிவத்திலை கிளாசுக்கு வந்த திகதி கேப்பினமல்லோ."

"கேக்கட்டும்."

"தோண்டிப் பாத்து, கையெழுத்து நீங்கள் வைச்சதெண்டு தெரிஞ்சா உங்கடை வேலைக்கு என்ன நடக்கும்?"

பின்னால் ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். நான் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. அவள் நேற்று முழுக்க இதனால்தான் வாயைத் திறக்கவில்லை. மாத்திரைக்குரிய நேரம் நழுவ நழுவ, ஒரு இரவு முழுக்க எனக்குப் பக்கத்து அறையில், என்னைக் காப்பாற்றிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

"அக்கா, நித்திரையோ?" என்று ஓட்டோக்காரன் கேட்டபடி சுற்றிக்கொண்டு போனான்.

கடமையில் இருந்த டொக்டர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். விசயத்தைக் கேட்டதும் வேறொன்றும் கேளாமல் முதல் மாத்திரையைக் கொடுத்தார். அவள் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் படிவத்தை எடுத்தார். பதிவேட்டையும் கொண்டுவரச் சொன்னார்.

"கிளாசுக்கு வந்திருக்கிறீர், கையெழுத்தும் கிடக்கு. பிறகேன் தங்கச்சி மூடி போட்டனீர்?"

"மறந்திட்டன் டொக்டர்" என்றாள் மகள். என் பக்கம் பார்க்கவில்லை.

டொக்டர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். படித்தும் கவனமில்லாதவள் என்று அவளுடைய பெயரில் எழுதப்படும். திங்கட்கிழமை மறுபடியும் ஊசி எடுப்பாள், எனக்குத் தெரிந்த அந்த இடது கைப் பழக்கத்தோடு.

"அது நான் வைச்ச கையெழுத்து டொக்டர். இவ அண்டைக்கு வரேல்லை."

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"உங்களிட்டைத்தான் மிஸ் நானும் உந்தக் கிளாசுக்கு இருந்தனான்" என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதினார்.

இனி அந்த ஊசியிலிருந்த இரத்தத்துக்குரியவரைச் சோதிக்கவேண்டும். வல்வெட்டித்துறையிலிருந்து இரத்தத்தில் சீனி பார்க்க வந்த ஒரு கடற்றொழிலாளி. தொலைபேசி எடுக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நானே அடித்தேன். நாலரை மணிக்குத்தான் எடுத்தார், படகால் இப்போதுதான் இறங்கினாராம். அந்த மாலையே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"நேற்று எடுத்தது காணாதோ? எனக்கு மிச்சம் ஏதும் வைப்பியளோ?" என்று கேட்டபடிதான் உள்ளே வந்தார். டொக்டர் நடந்ததை விளக்கி, சம்மதம் என்றால் மட்டும் எடுப்போம் என்று சொன்னார். அவர் மகளின் விரலைப் பார்த்தார்.

"தூண்டில் ஏறினா நாங்களும் உப்பிடித்தான் பிள்ளை, அமத்தி ரத்தத்தை விடுறது. அது பிழையோ?"

"பிழையாம் ஐயா" என்றாள் மகள். இரண்டு நாளில் முதல் தரம் கொஞ்சம் சிரித்தாள்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். வேறொரு பெண் இரத்தம் எடுத்தாள். அவருக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தபோது நான் வெளியே மர வாங்கில் இருந்தேன். மாத்திரையை நிறுத்தலாம், ஆனாலும் ஆறு கிழமையிலும் மூன்று மாதத்திலும் மகளின் இரத்தத்தைப் பார்க்கவேண்டும் என்றார் டொக்டர். பயப்பட ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். அதை நான் எத்தனையோ பேருக்கு அதே குரலில் சொல்லியிருக்கிறேன். ஆகையால் எனக்கு அது உதவவில்லை.

வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் ஒன்றும் வரவில்லை. மகள் வேறொருவரின் வகுப்பில் மூன்று மணித்தியாலம் இருந்த பிறகே ஊசிப் பக்கம் விடப்பட்டாள். வீட்டிலும் இப்போது கணவருடைய இன்சுலின் ஊசிகள் தடித்த சவர்க்காரப் போத்தல் ஒன்றுக்குள் மூடியில்லாமல் விழுகின்றன. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மகள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

ஆறாம் கிழமை இரத்தத்தை நேற்றுக் கொடுத்தாள். இன்று பதினொரு மணிவரை பொறுத்துவிட்டு, நான் நிற்கும் வார்டிலிருந்து அவளுடைய பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வந்திட்டுதோ?"

"இல்லை அம்மா. இது மூண்டாந்தரம் கேக்கிறியள். வந்தா முதல் உங்களுக்குத்தான் சொல்லுவன். இப்ப வையுங்கோ, ரத்தம் குடுக்க ஆள் இருக்குது."

"மஞ்சள் பெட்டி கிட்டவோ? கைக்கெட்டுற தூரத்திலை வைச்சிருக்கிறியோ?"

அவள் அதற்கு முன்பே தொலைபேசியை வைத்துவிட்டிருந்தாள்.