ஸ்பேனரைப் பிடுங்கிய ஞாயிற்றுக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஓசூர் மத்திகிரியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் நடந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், தப்பு முழுக்க என்னுடையது.

நான் ஒரு என்ஜின் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை செய்கிறேன். சிலிண்டர் ஹெட் என்பார்களே, என்ஜினுக்கு மேல் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் கனமான பாகம், அதன் போல்ட்களை இறுக்குவதுதான் என் வேலை. நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக, வரிசை மாறாமல் இறுக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் கை அந்த வரிசையில்தான் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என் வீட்டுக்காரரும் கம்பெனிக்காரர்தான். வேறொரு தொழிற்சாலையில் ரீவொர்க் பிரிவில் ஒப்பந்த ஃபிட்டராக இருந்தவர். டெஸ்டில் தேறாத என்ஜின்களைப் பிரித்து, கோளாறைக் கண்டுபிடித்து, திரும்பப் பூட்டுவது அவர் வேலை. அந்த ஒப்பந்தம் முடிந்ததும் இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். அங்கே ஒரு நாள் மெஷினில் கை மாட்டி, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

காயம் ஆறிவிட்டது. மனுஷன்தான் ஆறவில்லை. எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். சட்டைப் பட்டன் போட்டுவிடுவதிலிருந்து தலை வாரிவிடுவது வரை எல்லாம் நானே செய்தேன். ஆயுத பூஜைக்கு அவருடைய டூல் பாக்ஸைத் துடைத்து வைத்து, பொட்டு வைக்கக் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த வாரம் பாரூரில் இருக்கும் அவருடைய சித்தப்பா தன் பழைய டீசல் காரை எங்களுக்கே கொடுத்துவிட்டார். ஷிஃப்டுக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கினால் பிழைத்துக்கொள்வான் என்று அவருக்கு நினைப்பு. அந்தக் கார் வரும்போதே சூளகிரி தாண்டி வெள்ளைப் புகையாகக் கக்கி நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தோம். பார்த்த மெக்கானிக், "இது தேறாதுங்க, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தானாக எழுந்து வந்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் பால் டீ மாதிரி இருந்தது. "தண்ணி கலந்திருக்கு. ஹெட்டுக்கு அடியில தண்ணிய அடைக்கற கேஸ்கட்தான் போயிருக்கும். ஞாயித்துக்கெழம தொறந்து பாக்கறேன்" என்றார். பாக்கறேன் என்று எட்டு மாதத்தில் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் காரைப் பற்றிக் கவலையே இல்லை. இந்த வேலை கெட்டுப்போனால் இந்த மனுஷன் மறுபடி போய்ப் படுத்துவிடுவாரே என்ற பயம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். டீசல் பைப், புகைக்குழாய், மேலே இருந்த சாமான்கள் எல்லாவற்றையும் அவரே இடது கையால் மெல்ல மெல்லக் கழற்றினார். ஹெட் போல்ட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். வலது கையில் பிடி கிடைக்காமல் நழுவி, விரல் முட்டி போய் இரும்பில் இடித்துத் தோல் உரிந்தது. இன்னொரு தடவை முயன்றார். மறுபடியும் நழுவியது. ரத்தத்தைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"விடுங்க, நான் பாத்துக்கறேன். டெய்லி இதத்தானே பண்றேன்" என்று ஸ்பேனரை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

அவர் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட் மேல் போய் உட்கார்ந்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்பேனரில் ஒரு பைப்பை மாட்டி மடமடவென்று எல்லா போல்ட்டையும் கழற்றி வைத்தேன். நடுவில் அவர் "இந்தா, ஓரத்துல இருந்து..." என்று ஏதோ ஆரம்பித்தார். "எனக்குத் தெரியும்" என்றேன்.

போல்ட் எல்லாம் வந்துவிட்டது. ஹெட் அசையவே இல்லை. கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். ஆட்ட ஆட்டக் கார்தான் ஆடியது. வெயில் வேறு ஏறிவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளில் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. வீட்டு ஓனரம்மாவிடம் போய்க் கடப்பாரையை வாங்கிக்கொண்டு வந்தேன். ஹெட்டுக்கும் அதற்குக் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் செருகி நெம்பிவிடுவதென்று முடிவு. அவர் பக்கெட்டிலிருந்து பாதி எழுந்து, "அத வெக்காத, நான் சொல்றத..." என்றார். "கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று கத்திவிட்டேன். தெருவே கேட்டிருக்கும். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு ஹாரன். தண்ணீர் கேன் ஏற்றிய ஆட்டோ, எப்போது வந்து நின்றதோ. எங்கள் கார் பாதி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வழக்கமாக வருகிறவர் இல்லை, புது ஆள். நாலைந்து தடவை அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நானும் தயாராக நின்றேன்.

அவர் காரைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார், பிறகு பக்கெட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். தெலுங்கு வாடை அடிக்கும் தமிழில் மெதுவாகத்தான் பேசினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வண்டிய நிறுத்துனதுல இருந்து பாக்கறேன். அண்ணன் என்னவோ சொல்ல வர்றாரு, நீங்க விடமாட்டேங்கறீங்க. ஒருவாட்டி கேட்டுதான் பாருங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. நீ யாருய்யா கேட்க என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் திரும்பி என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. அப்படி ஒரு சின்னப் பிள்ளை முகம் அவருக்கு நான் பார்த்ததே இல்லை. "சொல்லுங்க" என்றேன்.

முதலில் தரையைப் பார்த்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். "கடப்பாரை வெச்சா ஹெட்டு உக்கார்ற முகம் பூரா காயமாயிடும், அப்புறம் எந்த கேஸ்கட் போட்டாலும் தண்ணி கசியும். போல்ட்ட எல்லாம் திரும்பப் போட்டு, ரெண்டு சுத்து லூசா விடு. டீசல் பீச்சுற நாசிலத் திரும்ப மாட்டி ஓட்டைய அடை. கியர் போட்டு வண்டியத் தள்ளுனா உள்ள பிஸ்டன் மேல வரும். காத்து வெளிய போக வழி இருக்காது. அந்தக் காத்தே ஹெட்ட அடியில இருந்து தூக்கிக் குடுத்துடும்." பேசப் பேசக் குரல் நிமிர்ந்தது. கல்யாணமான புதிதில் என்ஜின் கதை சொல்லிச் சொல்லி என்னைத் தூங்கவிடாத அதே குரல்.

சொன்னபடி செய்தேன். பேட்டரியில் உயிர் இல்லை, அதனால் தள்ள ஆள் வேண்டும். தண்ணீர் ஆட்டோக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரத் தம்பிகள் இரண்டு பேர் வந்தார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஒருத்தர் தெலுங்கில் "தொய்யி தொய்யி" என்கிறார், இன்னொருத்தர் கன்னடத்தில் "தள்ளி தள்ளி" என்கிறார், நான் "தள்ளுங்க தள்ளுங்க" என்கிறேன். கார் வேகம் பிடித்ததும் அவர் கிளட்ச்சை விட்டார். வண்டி குலுங்கி நின்றது. ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இழுத்து வந்து மறுபடி தள்ளினோம். மூன்றாவது தடவை 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே புஸ்ஸென்று காற்று.

அவர் இறங்கி வந்து ஹெட்டைத் தொட்டுப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு ஒவ்வொரு போல்ட்டாக அவரே கழற்றினார். கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு தடவை நழுவி, மறுபடி பிடித்து. அவ்வளவு நேரமும் நான் கிட்டப் போகாமல் நின்ற பாடு எனக்குத்தான் தெரியும். ஹெட்டை அவரும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிச் சாக்கின் மேல் வைத்தார்கள். இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கட் கருகிப் போயிருந்தது. மற்றபடி உள்ளே நன்றாகவே இருந்தது.

ஸ்டீல் ஸ்கேலை ஹெட்டின் அடிமுகத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தார். நடுவில் மெல்லிய இடைவெளி. "வளைஞ்சிருக்காண்ணா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். "சூட்டுல கொஞ்சம் எறங்கியிருக்கு. மெஷின்ல குடுத்து மட்டமா ஃபேஸ் அடிச்சா சரியாயிடும்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறுக்கும்போதுதான் நடுவிலிருந்து போக வேண்டும். கழற்றும்போது ஓரத்திலிருந்து உள்ளே வர வேண்டும், இல்லாவிட்டால் ஹெட் வளையும். நான் கைப்பழக்கத்தில் நடுவிலிருந்தே கழற்றியிருக்கிறேன். இத்தனை வருடம் இறுக்கிய எனக்கு ஒரு தடவைகூடக் கழற்றுகிற வேலை வந்ததில்லை. அவருக்கு அதுதான் வேலையே. ஊர் முன்னால் என்னைக் காட்டிக் கொடுக்காமல் சூட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டார்.

ஆட்டோக்காரர் கை கழுவிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கும் ஒரு கேனை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார். பேர்கூடக் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவரைப் பார்க்கவும் இல்லை.

சாப்பிடும்போது நானே சொன்னேன். "நடுவுல இருந்து கழட்டிட்டேங்க. அதனாலதான் வளைஞ்சுது." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "தெரியும். சூட்டுலயும் எறங்கியிருக்கும், ஒன்னால மட்டும் இல்ல. விடு" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

இப்போது அந்தக் காரில் மூன்று ஷிஃப்டுக்கும் ஆட்களை ஏற்றுகிறார். வண்டியில் என்ன கோளாறென்றாலும் அவர்தான் பிரிக்கிறார். நான் டார்ச் பிடிக்கிறேன். சட்டைப் பட்டன் போட மட்டும் அவருக்கு இன்னும் நேரமாகும். என் கை பரபரக்கும்; கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். ஏனென்றால் மெஷின் அவரிடமிருந்து எடுத்தது இரண்டு விரலைத்தான்; மிச்சக் கையை எட்டு மாதமாகப் பாசம் என்ற பேரில் நான்தான் எடுத்து வைத்திருந்தேன்.