அந்த அக்கா பிடித்த கை

மறுநாள் பல் மருத்துவப் படிப்பு உதவித்தொகைக்கு எனக்கு நேர்காணல். படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறியதிலிருந்து, 'ஏன் பல் மருத்துவம்?' என்ற கேள்விக்கு மனப்பாடம் செய்த ஆங்கிலப் பதிலை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். எதிரே கம்பெனி யூனிஃபார்மில், கன்னம் வீங்கிய ஓர் அக்கா அதைக் கேட்டுவிட்டார்.

"பல்லு டாக்டருக்கா படிக்கிற? புடுங்குனா ரொம்ப வலிக்குமா?"

"இனிமேதான்க்கா சேரணும். மரத்துப்போக ஊசி போடுவாங்க. அது மட்டும் சுருக்குனு இருக்கும்."

"அந்த ஊசிக்குத்தான் பயந்துகினு கீறேன். கூட வர்றியா?"

ஒரகடத்தில் கிளினிக் வாசலில் இருவரும் இறங்கினோம். ஊசி ஏறியபோது அக்கா என் விரல்களை நசுக்கிவிட்டார். பல்லைப் பிடுங்கி முடித்ததும், வாயில் பஞ்சோடு சிரித்தார்.

நேர்காணலில் அதே கேள்வி. மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட வரவில்லை. இன்னும் லேசாக வலித்த விரல்களைப் பார்த்தேன். தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.