கரண்டிக்குப் போட்ட கம்பி

அன்று சாயங்காலம் பங்களாக் குசினியில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, மாமா, நான். உள்ளே மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் துரை, துரைசானி, சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வந்து பாலோ ஸ்டேஷனில் இறங்கிய கம்பெனித் துரை, அவரோடு வந்த கண்ணாடிக்காரர். வாசலில் காருக்குள் காரோட்டி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை என்றாலும் அவரையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆளை விட்டுவிட்டுச் சொன்னால் பிறகு அது என் மனசை அரித்துக்கொண்டே இருக்கும்.

இருக்கவேண்டிய ஒருவன் இல்லாமல் போனதால்தான் இவ்வளவும் வந்தது. மேசைக்குச் சாப்பாடு எடுத்துப்போகும் ஆள், ரப்பர் விலை விழுந்து சம்பளத்தைக் குறைத்ததும், ஒரு காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். துரை புது ஆள் வைக்கவில்லை. சமைக்கிற அப்பாவே தட்டையும் ஏந்திக்கொண்டு உள்ளே போகவேண்டும் என்றாகிவிட்டது.

அப்பாவின் வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்காது. நான் பிறப்பதற்கு முன்னால், ரப்பர் ஷீட் அடிக்கும் ஸ்டோரில் ரப்பர் கட்டியை உருளைக்குள் கொடுக்கும்போது உள்ளே இழுபட்ட விரல்கள் அவை. அந்தக் கையால் இனிமேல் பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியாது என்றுதான் அவரைக் குசினிக்கு அனுப்பினார்கள். வெங்காயம் நறுக்கவும் மாவு பிசையவும் அந்தக் கை போதும். நீளமான பீங்கான் தட்டை மட்டமாகப் பிடிக்கப் போதாது. வலது பக்கம் எப்போதும் கொஞ்சம் தாழும். தட்டு தாழ்ந்தால் அதில் கிடக்கும் பெரிய கரண்டி சறுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சறுக்கியது. குழம்போடு போய்த் துரைசானியின் வெள்ளைக் கவுனில் விழுந்தது. துரைசானி கத்தவில்லை, எழுந்து அறைக்குள் போய்விட்டார். துரைதான் குசினி வாசல்வரை வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"இன்னொரு தரம் கரண்டி கீழே போனா, நீயும் போ."

'போ' என்றால் எங்கே என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த வருஷம் நாங்கள் குடியிருந்த லயத்தில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. பேர் வெட்டப்பட்டவர்களை ரயிலில் ஏற்றி, அப்புறம் கப்பலில் ஏற்றி, ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் ஊர் என்று சொல்லும் இடத்தில் எங்களுக்கு ஒரு கூரையும் கிடையாது. அதெல்லாம் எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. நான் பயந்தது கப்பலுக்குத்தான்.

"கப்பல்ல எல்லாரும் எங்கம்மா வெளிக்குப் போவாங்க?" என்று கேட்டேன்.

"வாயை மூடு. நாம ஒண்ணும் போவல" என்றாள் அம்மா. அவள் குரலில் இருந்த உறுதி போதவில்லை என்று எனக்குப் பட்டது.

இந்த நிலைமையில்தான் சிங்கப்பூரிலிருந்து கம்பெனித் துரை வரப்போகிறார், ஐஸ் போட்ட கொடுவா மீன் ரயிலில் வரும், முழு மீனாகச் சுட்டு வெள்ளைக் குழம்பு ஊற்றிப் பெரிய தட்டில் எடுத்துவர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றிலிருந்து அப்பா வெறுந்தட்டில் செங்கல்லை வைத்துப் பிடித்துப் பழகினார். செங்கல் சறுக்கவில்லை. செங்கல்மேல் வைத்த கரண்டி சறுக்கியது.

அம்மா விடிகாலையில் பால் வெட்டப் போகிறவள். ரப்பர் மரத்தில் பால் சொட்டுகிற கிண்ணத்தை எங்கள் பக்கம் மங்கு என்போம். மரத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு கம்பியில் அது உட்கார்ந்திருக்கும். ஒருநாள் வேலை முடித்துத் திரும்பியவள் வாளியைக்கூட இறக்காமல் அப்பாவைக் கேட்டாள்.

"காத்தடிச்சா மங்கு விழுதா?"

"விழாது."

"பால் நெறஞ்சா?"

"விழாது. இப்ப எதுக்கு இந்த விசாரணை?"

"ஒரு கம்பிதானே புடிச்சிருக்கு. கரண்டிக்கும் ஒரு கம்பி போட்டா என்னவாம்?"

"துரைசானி பீங்கான்ல நீ கம்பி போட்டீன்னா, அவங்க என்னையே கம்பியில மாட்டிருவாங்க" என்றார் அப்பா. ஆனால் அன்றிரவு தட்டுக் கழுவும்போது, அம்மா கொடுத்துவிட்ட நூலை வைத்துப் பீங்கான் தட்டின் நீள அகலத்தை அளந்து, நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஸ்டோரில் ஒழுகுகிற பால்வாளிகளுக்கு ஈயம் பற்றவைப்பது அவர் வேலை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, தட்டு உள்ளே உட்காருகிற அளவுக்கு ஒரு தகரத் தொட்டில் செய்தார். பீங்கானில் கை வைக்க வேண்டாம், தொட்டிலின் விளிம்பில் கம்பியைப் பற்றவைத்தால் போதும் என்பது அம்மாவின் யோசனை. இன்னொன்றும் அவளே சொன்னாள். தொட்டிலின் வலது மூலையில், ஏந்துகிறவர் பக்கமாக, ஒரு தகர வளையம். அப்பாவின் மடங்காத இரண்டு விரலும் அதற்குள் நேராக நுழைந்துகொண்டால் அந்தப் பக்கம் தாழாது.

"மச்சான் விரலுக்கு மோதிரம் செய்யச் சொல்றியா அக்கா?" என்றார் மாமா.

"தங்கத்துல கேக்கலடா. தகரத்துலதானே கேக்குறேன்."

ஒத்திகை எங்கள் வீட்டில் நடந்தது. வெற்றுப் பெட்டியைக் கவிழ்த்து என்னைத் துரையாக உட்காரவைத்தார்கள். பீங்கானுக்குப் பதில் அதே அளவுப் பலகை, மீனுக்குப் பதில் பூசணித் துண்டு. அப்பா குசினியில் இருந்ததால் மாமாதான் ஏந்தி வந்தார். முதல் கம்பி தளர்ந்துபோய்க் கரண்டி வாசற்படியிலேயே விழுந்தது. கம்பியை இறுக்கினார். கரண்டியை எடுத்தால் அதோடு தொட்டிலும் சேர்ந்து மேலே வந்தது.

"அலமாக்! இது கரண்டி இல்லக்கா, ஆணி!"

"துரைக்குப் பசிக்குது" என்றேன் நான்.

"துரை கொஞ்சம் பொத்திக்கிட்டு உக்காரு."

கடைசியில் மங்குக் கம்பியைப் போலவே சுருள் விட்டு வளைத்தார்கள். கரண்டிக் காம்பு அதற்குள் டிக்கென்று உட்கார்ந்தது. தூக்கினால் டிக்கென்று வந்தது. மாமா தொட்டிலை ஏந்திக்கொண்டு வாசலில் குதித்தே காட்டினார். பூசணி விழுந்தது, கரண்டி விழவில்லை. பிறகு நிதானமாக வந்து, கரண்டியை எடுத்து, என் தட்டில் ஒரு துண்டைப் போட்டார். அம்மா சாம்பல் போட்டுத் தொட்டிலை வெள்ளி மாதிரி துலக்கினாள். எனக்குக்கூட அன்று கப்பல் நினைவு வரவில்லை.

விருந்தன்று குசினி அடுப்பிலிருந்து இறக்கிய மீனைப் பீங்கானில் சரித்து, பீங்கானைத் தொட்டிலில் இறக்கி, கரண்டியைக் கம்பியில் மாட்டினாள் அம்மா. எல்லாம் அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் அவர் தொட்டிலைச் சரியாகப் பார்த்ததே இல்லை. பார்த்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"காம்பு என் பக்கம் இருக்கு."

"பின்னே? பரிமாறுறது நீங்கதானே?" என்றாள் அம்மா.

"நான் பரிமாறக் கூடாது. தட்டை நீட்டணும். அவங்களே எடுத்துப் போட்டுக்குவாங்க."

அம்மாவுக்கு அது உடனே பிடிபடவில்லை. "அவங்களேயா? அந்தக் கரண்டியையா?"

"ஆமா."

"ஆளாளுக்குச் சாப்பிடுற கையால?"

"ஆமா."

"அய்யே! மிச்ச மீனு எச்சில் இல்லையா?"

"அதை நீ போய் அவங்களக் கேளு."

எங்கள் வீடுகளில் சாப்பிட உட்கார்ந்தவர் பாத்திரத்தைத் தொடமாட்டார். கரண்டி எப்போதும் நிற்பவர் கையில்தான் இருக்கும். இதில் யோசிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதால் அம்மாவும் மாமாவும் யோசிக்கவில்லை, துரையாக உட்கார்ந்திருந்த நானும் பூசணிக்குக் காத்திருந்தேனே தவிரக் கையை நீட்டவில்லை. தெரிந்த ஒரே ஆள் அத்தனை நாளும் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார்.

"திருப்பிப் புடிங்க மச்சான்" என்றார் மாமா.

"திருப்பினா இந்த வளையம் அந்தப் பக்கம் போயிரும். எதை நம்பிப் புடிக்கிறது?"

கம்பியைப் பிடுங்கலாமா என்று மாமா கையை வைத்தார். பற்றவைத்த ஈயம் விடவில்லை. அசைத்தால் மீன் உடையும். உள்ளே மணி அடித்தது. இரண்டாம் முறை அடித்தது. அப்பா வளையத்துக்குள் விரல்களைக் கொடுத்துத் தொட்டிலைத் தூக்கினார். அவர் படியேறிப் போகும்போது தட்டு மட்டமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படும் நிலையில் நாங்கள் இல்லை.

குசினிக்கும் பங்களாவுக்கும் நடுவில் கூரை போட்ட ஒரு நடைபாதை. அதன் முனையில் மூங்கில் தட்டி தொங்கும். அம்மாவும் நானும் அதன் இடுக்கில் கண்ணை வைத்தோம்.

அப்பா கம்பெனித் துரையின் இடது பக்கம் போய்க் குனிந்து தட்டை நீட்டினார். விருந்தாளி எங்கள் துரையிடம் ஏதோ பேசிக்கொண்டே, பார்க்காமல் கையை நீட்டினார். கை வெறும் தகர விளிம்பைத் தடவியது. திரும்பவும் தடவியது. பேச்சு நின்றது. அவர் தலையைத் திருப்பித் தட்டைப் பார்த்தார். கரண்டி எதிர்ப்பக்கமாக, தன்னைவிட்டு விலகி, கம்பிக்குள் படுத்திருந்தது. துரையின் கழுத்து சிவந்தது. துரைசானி மேசைவிரிப்பின் ஓரத்தை விரல்களால் மடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது.

கரண்டியை எடுக்க வேண்டுமானால் அப்பாவின் வலது கை வளையத்தைவிட்டு வெளியே வரவேண்டும். வந்தால் முழுப் பாரமும் இடது கையில். அவர் இடது முழங்கையை விலாவோடு ஒட்டினார். விரல்களை மெதுவாக உருவினார். தட்டு ஒரு நெல்லளவு தாழ்ந்தது. வெள்ளைக் குழம்பு விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் காம்பைப் பிடித்தார். டிக்கென்ற சத்தம் எங்களுக்கே கேட்டது. கரண்டி மீனுக்கு அடியில் போனது. ஒரு துண்டு, உடையாமல், குழம்போடு எழும்பி, காற்றில் வந்து, கம்பெனித் துரையின் தட்டில் அமர்ந்தது. கல்யாணப் பந்தியில் சம்பந்தியாருக்குப் போடுவதுபோலவே போட்டார். கரண்டி கம்பிக்குத் திரும்பியது. டிக்.

கம்பெனித் துரை அண்ணாந்து அப்பாவைப் பார்த்தார். பிறகு நகத்தால் கம்பியைச் சுண்டினார். அது ரீங்கென்றது. அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். கண்ணாடிக்காரரும் சிரித்தார். எங்கள் துரை அவர்கள் இருவரையும்விடச் சத்தமாக, கொஞ்ச நேரம் கூடவே சிரித்தார். துரைசானி சிரிக்கவில்லை. அவர் கண் அப்பாமேல் இல்லை என்பதை நான் பார்த்தேன். கம்பெனித் துரை முதல் வாயை எடுத்து மென்று விழுங்குகிறவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா மேசையைச் சுற்றி நாலு பேருக்கும் அப்படியே பரிமாறி முடித்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. குசினிக்கு வந்து தொட்டிலை இறக்கியதும் இடது கையை உதறினார். அம்மா அதைத் தன் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாமா மட்டும், "கரண்டி விழலல்ல?" என்றார்.

"விழல."

"அப்பறம் என்ன? கம்பி கம்பிதான்."

துரைமார் காப்பிக்காக முன் வராந்தாவுக்குப் போன பிறகு, தட்டுகளைக் கழுவப் போடும் நேரத்தில், துரைசானி குசினிக்குள் வந்தார். விருந்தாளி இருக்கும்போது அவர் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டார். அப்பா தொட்டிலைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். இனி நிச்சயம் கப்பல்தான் என்று நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

துரைசானி தொட்டிலைத் தேடவேயில்லை. எங்களிடம் எப்போதும் பேசுகிற மலாயில், "துவான் பெசார் மாக்கான் ஹாபிஸ்கா?" என்று கேட்டார். பெரிய துரை முழுசும் சாப்பிட்டாரா என்று கேள்வி.

"ஹாபிஸ், மேம்" என்று அப்பா அந்தத் தட்டை எடுத்து நீட்டினார். முள் மட்டும்தான் மிச்சம். துரைசானி அதைக் கையில் வாங்கி விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவர் கையிலிருந்த தட்டில் முட்கள் கிடுகிடுவென்று அசைந்தன. பிறகு தட்டை அப்பாவிடமே கொடுத்துவிட்டு, முகத்தை ஒருமுறை கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, வராந்தாவுக்குப் போனார்.

சில மாதத்தில் பங்களாவைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டத்தையும் ஒரே துரையின்கீழ் சேர்த்தார்கள். இருக்கப்போவது எந்தத் துரை, போகப்போவது எந்தத் துரை என்று முடிவு செய்யத்தான் அன்று சிங்கப்பூரிலிருந்து அந்த இரண்டு பேரும் வந்திருந்தார்களாம். எங்கள் துரையின் பெட்டிகள் பாலோ ஸ்டேஷனுக்குப் போன பிறகு மாமா ஸ்டோரில் கேட்டுவந்து சொன்னார். அப்பாவைப் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக் குசினிக்கு எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சும் வேலை, யாருக்கும் தட்டு ஏந்த வேண்டாம்.

ஆனால் அன்று குசினியில் இருந்த எங்கள் யாருக்கும் அந்த இரண்டு பேரும் எதற்கு வந்திருந்தார்கள் என்று தெரியாது. அம்மா சாம்பலைத் தொட்டு அந்தத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கையில் நான் கேட்டேன்.

"முள்ளப் பாத்து துரைசானி கை ஏம்மா அப்படி ஆடிச்சு?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "பாவம், விருந்தாளியக் கவனிச்சதுல அவங்க சரியா சாப்பிடல போல. பசியில கை ஆடும்."

"நாளைக்கு அவங்களுக்கு ஒரு துண்டு கூட வைக்கிறேன்" என்றார் அப்பா.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.