ஆடி முடியட்டும் என்று வைத்த ஸ்டிக்கர்

அந்த ஸ்டிக்கர் தபாலில் வந்தது ஆடி பிறந்த இரண்டாம் நாள். சிங்கப்பூர் கார் மலேசியாவின் ஜொகூருக்குள் போக வேண்டுமென்றால் அது கண்ணாடியில் இருக்க வேண்டும். ஒட்டிவிட்டு இணையத்தில் பதிவை முடிக்க வேண்டும். மொத்தமும் அரைமணி நேர வேலை. நான் என்ன செய்தேன்? உறையோடு சாமி மாடத்தில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, ஆடி முடியட்டும் என்றேன். ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டேன். கார் வாங்கியபோதும் நேரம் பார்த்துத்தான் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினேன். "இது வெறும் ஸ்டிக்கர்தானேங்க" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அவள் மேல் பழி போடவும் வழியில்லை.

அக்காவும் சொன்னாள். கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்குப் போனவள். உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுச் சன்னலில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் அவள் ஊர் தெரியும். போனில் கத்துவாள். "ஏன்டா, ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு நாள் பாக்கற ஆள நான் எங்கயும் பார்த்ததில்ல லா! கார எடுத்துட்டு வந்து என்னக் கூட்டிட்டுப் போடா. எனக்கு பஸ் ஏற முடியல." ஆவணி முதல் வாரம் வருகிறேன் என்றேன். ஆவணி வரை அவள் இருக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் அத்தான் கூப்பிட்டார். "உங்கக்கா தூக்கத்துலயே போயிட்டா, தம்பி" என்றார். பிறகு, "இன்னைக்கே எடுக்கறோம். ஒன்றரைக்கு ராகு காலம், அதுக்குள்ள கிளம்பணும். கோடி நீதான் கொண்டு வரணும்" என்றார்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தாமல் எங்கள் பெண்களை நாங்கள் அனுப்புவதில்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். மனைவி அழுதுகொண்டே முதலில் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். நான் தேக்கா கடைத்தெருவில் சேலைக்கடை திறக்கும்வரை நின்று, அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன். "கல்யாணத்துக்கா அண்ணே?" என்று கடைப்பெண் கேட்டாள். பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

காஸ்வே கடற்பாலத்தில் அன்று நெரிசலே இல்லை. நம்புங்கள், காலியாகக் கிடந்தது. அக்காதான் வழிவிடுகிறாள் என்று நினைத்து வண்டியிலேயே அழுதேன். பதினொன்றரைக்கெல்லாம் அந்தக் கரைக்குப் போய்விட்டேன். அங்கேதான் ஒரு அதிகாரி கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார். கண்ணாடியைப் பார்த்தார். ஸ்டிக்கர் எங்கே என்று மலாயில் கேட்டார். அப்போதுதான் எனக்குப் பிள்ளையார் படம் ஞாபகம் வந்தது.

வீட்டில் இருக்கிறது என்றேன். வீட்டில் வைப்பதற்கா கொடுத்தார்கள் என்றார். எனக்குத் தெரிந்த மலாயில் அக்கா இறந்ததைச் சொல்லி, சேலையைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் பெயர் எழுத வேண்டும், அபராதச் சீட்டு வாங்க வேண்டும், எனக்கு முன்னால் வரிசையில் ஒன்பது கார்கள். காரை இங்கேயே விட்டுவிட்டு டாக்சியில் போகிறேனே என்று கெஞ்சினேன். விட முடியாது என்றார். அவரைக் கோபித்து என்ன பயன்? என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு அத்தான் போன் செய்தார். "எங்க இருக்க, தம்பி?"

"காஸ்வேல ஜாம், அத்தான்."

எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு ஸ்டிக்கருக்கு ஆடி பார்த்தேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்ல?

சீட்டு என் கைக்கு வந்தபோது மணி ஒன்றரை தாண்டிவிட்டது. அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அங்கிருந்து மயானத்துக்கு ஓட்டினேன். நான் சேலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே ஓடியபோது பெட்டி அடுப்புக்குள் போயிருந்தது. இரும்புக் கதவை மூடிவிட்டார்கள்.

அத்தான் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னேகால் வரைக்கும் முகத்த மூட விடல, தம்பி. அவ தம்பி வந்துடுவான், கோடி வந்துடும்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ராகு காலம் வந்துடும்னு சொந்தக்காரங்கதான் அவசரப்படுத்திட்டாங்க. நீ என்ன பண்ணுவ? ஜாமுக்கு நீ என்ன பண்ணுவ?"

என் மனைவி அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். பாலத்தை பஸ்ஸில் கடந்து வந்தவள். சாமி மாடத்தைத் தினமும் துடைக்கிறவள். என்னையே பார்த்தாள்.

"ஆமா, அத்தான்" என்றேன். "பயங்கர ஜாம்."