ரேஞ்சர் மேடம் விடுமுறையில் வந்த நாள்

ஒரு விடுதியில் சம்பளத்துக்கு மலையேற்ற வழிகாட்டியாக இருந்த நான், தனியாகத் தொழில் செய்ய வனத்துறையில் அனுமதி கேட்டிருந்தேன். கடைசித் தேர்வு, பூம்பாறைக்கு மேலே உள்ள காட்சிமுனை வரை ரேஞ்சர் மேடத்தை அழைத்துப் போவது. பாதி வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. நான் நின்றேன்.

"திரும்பிருவோங்க மேடம். முன்னால சரிவு கெடக்கு."

"முனை வரைக்கும் போகலைன்னா பாஸ் போட முடியாதும்மா. ரூல் அப்படி."

"பரவாயில்லைங்க. இந்தப் பனியில உங்கள கூட்டிட்டுப் போக மாட்டேன்."

அவர் திரும்பி நடந்தார். அடுத்த தேர்வு எப்போது வருமோ என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டியது.

ஜீப்பில் ஏறும்போது, "நாளைக்கு எனக்கு லீவு. வெள்ளனே வந்துரும்மா, நடந்து முடிச்சிருவோம்" என்றார்.

மறுநாள் நல்ல வெயில். வலிக்கிற முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். முந்தைய நாள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பாதை பள்ளத்தில் சரிந்திருந்தது. எட்டிப் பார்த்தவர் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டு ஆளுகளையும் இனி உன்கிட்டதான் அனுப்புவேன்."

சரிந்த இடத்தை மேட்டுப் பக்கமாகச் சுற்றிக் கடந்து முனை வரை போய் வந்தோம்; அனுமதி கிடைத்துவிட்டது. விதியை வளைக்காமலும் ஒருவருக்கு உதவலாம் என்பதை அவரிடம்தான் கண்டேன். அதற்காக அந்த மலையில் அவர் மறுபடியும் ஏறினார்.